பொறுமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்

கஷ்டம் வந்தால் மாதாவிடம் ஓடுகிற பெண்ணைக் கேலி செய்வது எளிது. அவளை வைத்துப் பிழைப்பது அதைவிட எளிது. இந்த இரண்டையும் செய்கிறவர்களைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். முதல் வகையினர் என் தோழர்கள், என்னோடு கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்கள், சில சமயம் என் பெண்ணியத் தோழிகள். இரண்டாம் வகையினர் பீடத்தில் நிற்கிறவர்கள், கன்வென்ஷன் மேடையில் மைக் பிடிக்கிறவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஊரின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் ராஜேந்திர சோழன் நினைவுக்கு வருகிறான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தலைநகர், 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில், 2025 ஜூலையில் பிரதமர் வந்து நினைவு நாணயம் வெளியிட்ட விழா. விமானத்தைப் படம் பிடிக்க வருகிற பேருந்துகள் ஜெயங்கொண்டம் சாலையில் நிற்காமல் போய்விடும். அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் உள்ள ஊர்களில் கிறிஸ்தவப் பெண்கள் இருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. ஆண்டிமடம் பக்கம் வரதராஜன்பேட்டை, தென்னூர், கொள்ளிடக் கரைப் பக்கம் ஏலாக்குறிச்சி என்று பழைய கத்தோலிக்க ஊர்கள் இந்த அரியலூர் மாவட்டத்தில் உண்டு. அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னக் காலனிகளில் எங்களைப் போன்றவர்கள் உண்டு.

இந்தப் பெண்கள் விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளுகிறார்கள். அது உண்மை. எதற்காகத் தள்ள வேண்டியிருக்கிறது, அந்த விசுவாசத்தால் லாபம் அடைகிறவர் யார், அது யாருடைய சொத்து என்பதுதான் என் சண்டை.

வாரா வாரம் வரும் பயம்

'நிச்சயமற்ற காலம்' என்ற சொல்லை நடுத்தர வர்க்கம் 2020இல்தான் கற்றுக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அது அதற்கு முன்பே குடியிருந்தது. 1990களில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று பல ஊர்களில் நிலம் எடுத்தார்கள். மின் நிலையம் வரவில்லை. இழப்பீட்டு வழக்குகள் ஒரு தலைமுறையைத் தின்றன. அந்த இழப்பீடும் பட்டாவுக்குத்தான். அந்த நிலத்தில் களை பறித்த கைக்கு யார் கணக்குப் போட்டார்கள்? முந்திரி இருக்கிறது. அது சில மாதத்து வேலை. கொட்டை உடைத்தால் ஓட்டு எண்ணெய் பட்டு விரல் வெந்துபோகும். நூறு நாள் வேலை இருக்கிறது. 2024 கடைசியில் தொடங்கி 2025இன் முதல் மாதங்கள் வரை தமிழ்நாடு முழுக்க அந்தக் கூலி நிலுவையில் நின்றது. மண் வெட்டியாகிவிட்டது, கூலி வரவில்லை.

கூலி நின்றாலும் டியூ நிற்காது. குழுக் கடன் என்று நாங்கள் சொல்லும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனைப் பற்றி நகரத்துத் தோழிகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடமானம் வேண்டாம், நகை வேண்டாம், ஆண் துணை வேண்டாம். ஐந்து பத்துப் பெண்கள் சேர்ந்து ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். ஆகவே கடன்காரனின் வேலையைப் பக்கத்து வீட்டு அக்காவே செய்துவிடுவாள். சென்டர் மீட்டிங் தொடங்கும்போது தவணை தவறமாட்டோம் என்று உறுதிமொழி சொல்ல வைக்கும் நிறுவனங்களும் உண்டு. வசூலுக்கு வரும் பையன் 'அக்கா' என்பான், இவர்கள் 'தம்பி' என்பார்கள். அவனுக்கும் மேலே ஒரு டார்கெட் இருக்கிறது. பணம் இல்லை என்றால் அந்தத் தம்பி இருட்டிய பிறகும் வாசலில் உட்கார்ந்திருப்பான். ஊர் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்து இரண்டாவது நிறுவனத்தில் வாங்கி முதல் நிறுவனத்துக்குக் கட்டுவார்கள்.

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. ஆகஸ்ட் வரை அது நீண்டது. தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள் இன்னொன்றைச் சொல்கின்றன: ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்குத் தரும் இந்தக் கடன்களில், எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொல்லை கொடுக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, உறவினரையும் நண்பர்களையும் துன்புறுத்தக் கூடாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் கட்டாய வசூலைத் தடுக்க ஒரு மசோதாவை நிறைவேற்றியது. இதில் ஒரு வரிகூட எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆனால் 91ஆம் திருப்பாடல் ஒவ்வொருத்திக்கும் மனப்பாடம்.

செபமாலையைக் கேலி செய்கிறவர்களுக்கு

இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் என் தோழர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். "அதைத்தான் நாங்களும் சொல்கிறோம். சட்டம் தெரியவேண்டிய இடத்தில் சங்கீதம் தெரிகிறது."

கொஞ்சம் பொறுங்கள். சட்டத்தை அவர்களிடம் கொண்டுவந்தது யார்? கட்சி வந்ததா? சங்கம் வந்ததா? பெண்கள் இயக்கம் ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்தைத் தாண்டிக் காலனிக்குள் எத்தனை முறை வந்தது? வாரம் தவறாமல் அவர்கள் வாசலுக்கு வந்தவர்கள் இரண்டே பேர்: வசூல் பையன், அன்பியத்துக்குக் கூப்பிடுகிற பெண்.

அன்பியம் என்றால் தெரியாத வாசகிகளுக்கு: ஒரு பங்கின் வீடுகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில் கூடி பைபிள் வாசித்து, செபமாலை சொல்லி, மன்றாட்டுச் சொல்வது. நான் பார்த்தவரை, பெயருக்கு இரண்டு ஆண்கள் இருப்பார்கள். மிச்சம் எல்லாம் பெண்கள். மன்றாட்டு நேரத்தில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். "என் மகளுக்கு வயிற்றுவலி குணமாக வேண்டும்" என்று ஒருத்தி மன்றாடுவாள். கூட்டம் முடிந்ததும் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று மூன்று பேர் சொல்வார்கள். "என் வீட்டுக்காரர் குடியை விட வேண்டும்" என்று இன்னொருத்தி சொல்லும்போது, அவள் அடிவாங்குகிறாள் என்ற செய்தி எந்தப் புகார் மனுவும் இல்லாமல் பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. "இந்த வாரம் எப்படியாவது வழி காட்டு மாதாவே" என்றால் டியூ கட்டப் பணம் இல்லை என்று அர்த்தம். நேரடியாகச் சொன்னால் மானம் போகும். மாதாவிடம் சொன்னால் மானம் போகாமல் ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகும். எங்கள் பெண்கள் கண்டுபிடித்த மொழி இது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களுக்குக் காது சரியில்லை என்பேன்.

மார்க்ஸ் மதத்தை அபினி என்றதைச் சொல்கிறவர்கள் அதற்குச் சற்று முன்னால் அவர் எழுதியதையும் வாசிக்க வேண்டும். உண்மையான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அந்தத் துன்பத்துக்கு எதிரான மறுப்பாகவும் அவர் மதத்தைப் பார்க்கிறார். அவர் காலத்தில் அபினி வலிக்குக் கொடுத்த மருந்தும்கூட. வலியைத் தொடாமல் மருந்தை மட்டும் பிடுங்க வருகிறவரை எந்த நோயாளி வீட்டுக்குள் விடுவாள்? பெரியாரைப் படித்துத்தான் நான் வாய் திறக்கக் கற்றேன். அவரைச் சொல்லிக்கொண்டு எங்கள் அம்மாக்களைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆண்களிடம், அவரவர் வீட்டுச் சமையலறையில் பெரியாருக்கு எவ்வளவு இடம் என்று கேட்கவும் அவரிடம்தான் கற்றேன்.

பீடத்தில் நிற்கிறவர்களுக்கு

இப்போது உங்களிடம் வருகிறேன், சுவாமி. உங்களிலும் எங்களோடு தெருவில் நின்றவர்கள் உண்டு. அவர்களைக் குறித்து இது இல்லை.

கஷ்டத்தில் வரும் பெண்ணிடம் நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரே சொல்: பொறுமை. சிலுவையைச் சுமக்கச் சொல்கிறீர்கள். யோபுவைப் பார் என்கிறீர்கள். யோபு எங்கே பொறுமையாக இருந்தார்? முதல் இரண்டு அதிகாரத்தில். அதற்குப் பிறகு அதிகாரம் அதிகாரமாக அவர் கடவுளோடு வழக்காடுகிறார். தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களை விரட்டுகிறார். கடைசியில் கடவுள் கோபப்படுவது அந்த நண்பர்கள் மேல். அவரைப் பற்றிச் சரியாகப் பேசியவர் வழக்காடிய யோபுதான் என்று அந்த நூலே தீர்ப்புச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இரண்டாம் அதிகாரத்தோடு நூலை மூடிவிடுகிறீர்கள்.

காணிக்கை எடுக்கும் நாளில் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைக் கொண்டுவருகிறீர்கள். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அந்தக் காட்சிக்கு முந்திய வரிகளில் யேசு என்ன சொல்கிறார்? நீண்ட அங்கி போட்டுக்கொண்டு, நீளமாக ஜெபம் செய்துகொண்டு, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி எச்சரிக்கிறார். அதற்கு அடுத்து 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், அந்தக் காசு விழுந்த கோயில் கல்லின் மேல் கல் இல்லாமல் இடியும் என்கிறார். முன்னாலும் பின்னாலும் உள்ளதை வெட்டிவிட்டு, கைம்பெண்ணை உண்டியலுக்குப் பக்கத்தில் நிறுத்தியது யார்? அவளிடம் மிச்சம் ஒன்றும் இல்லாமல் போனது அவளுடைய பெருமை மட்டுமா, அந்தக் கோயிலின் வெட்கம் இல்லையா?

கடன்பட்ட பெண்ணுக்குப் பைபிளில் ஒரு கதையே இருக்கிறது. அரசர்கள் இரண்டாம் நூல், 4ஆம் அதிகாரம். இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்த ஒருவரின் மனைவி. இன்றைய கணக்கில் கோயில் ஊழியரின் விதவை. கடன்காரன் இரண்டு மகன்களையும் அடிமையாக்கக் கூட்டிப்போக வருகிறான். அவள் எலிசாவிடம் ஓடி வந்து கத்துகிறாள். எலிசா பொறுமையாக இரு என்று சொல்லவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெய். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை வாங்கி வா, குறைவாக வாங்காதே என்கிறார். கதவை மூடிக்கொண்டு அவளும் பிள்ளைகளும் ஊற்றுகிறார்கள். விற்றுக் கடனை அடை, மிச்சத்தில் பிழைத்துக்கொள் என்கிறார். அந்தப் புதுமை நடந்தது பக்கத்து வீட்டுப் பெண்களின் பாத்திரத்தில். எலிசா அவளிடம் ஒரு துளி எண்ணெய் காணிக்கை கேட்டதாகவும் இல்லை. இந்த அதிகாரத்தை வைத்துக் கடனைப் பற்றி ஒரு பிரசங்கம் எங்கள் பக்கத்தில் நான் கேட்டதே இல்லை. 'ஆசீர்வாத எண்ணெய்' விற்கிற கூட்டங்களில் மட்டும் கேட்டிருக்கிறேன்.

லூக்கா 18இல் வரும் கைம்பெண்ணையும் 'விடாமல் ஜெபி' என்பதற்கு மட்டும் வைத்திருக்கிறீர்கள். அவள் போனது நீதிபதியிடம். கேட்டது நீதி. அவள் தொல்லை தாங்காமல் அவன் பயப்படுகிறான். அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கண்ணுக்குக் கீழே குத்துவது. ஆட்சியர் அலுவலகத்து மனுநாள் வரிசையில் வாரா வாரம் நிற்கிற எங்கள் ஊர்க் கிழவிக்கு யேசு வைத்த பெயர் விசுவாசம். நீங்கள் அவளுக்கு வைத்த பெயர் சண்டைக்காரி.

2025 யூபிலி ஆண்டு. 2024 டிசம்பர் 24 அன்று ரோமில் புனிதக் கதவு திறந்தது. 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பேனர்கள் கட்டினோம், திருத்தலங்களுக்கு வண்டி பிடித்தோம். யூபிலி என்றால் என்ன? லேவியர் 25ஆம் அதிகாரத்தில் ஐம்பதாம் ஆண்டு எக்காளம் ஊதினால், போன நிலம் திரும்ப வர வேண்டும், கடனுக்கு அடிமையானவர் வீடு திரும்ப வேண்டும். போப் பிரான்சிஸ் அந்த யூபிலி அறிவிப்பிலேயே ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யக் கேட்டார். ஏழை நாட்டின் கடனைப் பற்றிப் பேச ரோமுக்கு வாய் இருந்தது. ஏழைத் தெருவின் கடனைப் பற்றிப் பேச எங்கள் பங்குகளுக்கு ஏன் வாய் வரவில்லை? ஓர் ஆண்டு முழுக்க நான் கேட்ட யூபிலிப் பிரசங்கங்களில் பாவம் இருந்தது, பரிகாரம் இருந்தது, பலன் இருந்தது. வட்டி மட்டும் இல்லை.

வீட்டுக்குள்ளே

பொறுமை என்ற உபதேசம் அதிகம் ரத்தம் பார்த்த இடம் வீடு. அடிபட்டு வந்த பெண்ணை, 'கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கக் கூடாது' என்று அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது எங்கள் ஊர்களில் வழக்கம். என் உறவிலேயே ஒரு சித்தியை அப்படி மூன்று முறை அனுப்பினார்கள். நான்காம் முறை அவள் யாரையும் கேட்கவில்லை, திருப்பூர் பேருந்து ஏறிவிட்டாள். இன்றும் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறாள். இன்றும் தினம் செபமாலை சொல்கிறாள். விசுவாசத்தை விட்டு அவள் போகவில்லை. உதையை விட்டுத்தான் போனாள்.

சட்டமும் நீண்ட காலம் உங்கள் பக்கம் நின்றது. 1869ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் பிறன்தொடர்பை மட்டும் நிரூபித்தால் போதும். கிறிஸ்தவ மனைவிக்கோ அது போதாது. அதோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெள்ளைக்காரன் போய் அரை நூற்றாண்டு தாண்டி, 2001 திருத்தத்தில்தான் அது மாறியது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

அதெல்லாம் உலகச் சட்டம் என்பீர்கள். சரி, உங்கள் சட்டத்துக்கே வருகிறேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் விதியைப் பாருங்கள். மனத்துக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து விளைவிக்கிற துணையை விட்டு விலகி வாழ அது அனுமதிக்கிறது. தாமதித்தால் ஆபத்து என்றால் தானாகவே விலகலாம் என்கிறது. திருமண ஆயத்த வகுப்பில் எத்தனை பெண்களுக்கு இதைச் சொன்னீர்கள்? கட்டுப்படுத்தும் விதி எல்லாம் பீடத்தில் இருந்து வருகிறது. காப்பாற்றும் விதி மட்டும் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

அடைக்கலம் யாருக்கு

எங்கள் மாவட்டத்தின் பெரிய திருத்தலம் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் அதற்கு வைத்த பெயர் திருக்காவலூர். தேம்பாவணி பாடிய அந்த இத்தாலிக்காரர் கட்டிய கோயிலில் மாதாவின் பெயர் அடைக்கல மாதா. வேறிடங்களில் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் வந்து தஞ்சம் புகுந்த ஊர் என்பதால் வந்த பெயர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். எனக்குத் தமிழில் பிடித்த சொற்களில் ஒன்று அடைக்கலம். அதில் கெஞ்சல் கிடையாது. அடைக்கலம் கேட்டவரைக் கைவிடுவது கொடுத்தவருக்குத்தான் இழுக்கு.

அந்தச் சொல்லைக் கோயில் முகப்பில் எழுதியவர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். ஆனால் நடப்பது என்ன? ஏலாக்குறிச்சி உட்பட்ட அதே கும்பகோணம் மறைமாவட்டத்தில், திருச்சி மாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கில், கோயில் நிர்வாகம், திருவிழா, கல்லறை எல்லாவற்றிலும் சாதிப் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று தலித் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அந்தக் கோயில் மகதலா மரியாள் பெயரில் இருக்கிறது. உயிர்த்த யேசுவை முதலில் கண்டு, ஆண் சீடர்களுக்குச் செய்தி சொன்னவள் அவள். 591இல் போப் கிரகோரி ஒரு மறையுரையில் அவளையும் லூக்கா சொல்லும் பெயரில்லாத பாவிப் பெண்ணையும் ஒன்றாக்கினார். அவளுடைய நாள் அப்போஸ்தலர்களின் நாளுக்குச் சமமான விழாவாக 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாட்சி சொன்ன பெண்ணைப் பாவியாக்குவதற்கு ஒரு மறையுரை போதும். அதைத் திருத்த ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அரசாங்கமும் எங்களுக்கு அடைக்கலம் தரவில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்துகிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. தெருவில் எங்கள் சாதி யாருக்கும் மறப்பதில்லை. தாலுகா அலுவலகத்தில் மட்டும் மறந்துவிடுகிறது. பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு எங்களில் ஒருத்தி நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. ஆகவே சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கோயிலுக்குப் போய்க் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இந்து என்று இடஒதுக்கீடு கேட்பது அரசமைப்புச் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது. அரிசிக்காக மதம் மாறியவர்கள் என்று எங்களைத் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். இந்த விசுவாசத்தால் எங்களுக்கு வந்ததைவிட, இதற்காக நாங்கள் கொடுத்தது அதிகம். இவ்வளவு விலை கொடுத்து வைத்திருப்பதை யாரோ போட்ட பிச்சை என்று சொல்ல விடமாட்டேன்.

அதனால்தான் விட்டுப் போனவளையும் தங்கிப் போராடுகிறவளையும் எதிரெதிரே நிறுத்த எனக்கு விருப்பமில்லை. பாமா ஏழு ஆண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்து, ஏழைகளுக்கென்று வந்த இடத்தில் ஏழைகளையே காணாமல் வெளியேறி, 1992இல் 'கருக்கு' எழுதினார். மாணவிகள் அதைப் பாடமாக மட்டும் படிக்காதீர்கள். அது ஒரு குற்றப்பத்திரிகை. 2018 செப்டம்பரில் கொச்சியில் ஐந்து கன்னியர் தங்கள் உடையோடும் செபமாலையோடும் சாலையில் உட்கார்ந்தார்கள். ஜலந்தரின் அப்போதைய ஆயர் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்த தங்கள் சகோதரிக்காக உட்கார்ந்தார்கள். 2022 ஜனவரியில் விசாரணை நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, மேல்முறையீடு போனது. தீர்ப்பு எதுவானாலும் அந்த ஐவர் செய்ததை யாரும் அழிக்க முடியாது. விசுவாசம் வேறு, ஆயர் வேறு என்று நடுத்தெருவில் பிரித்துக் காட்டினார்கள்.

கேட்பது

கெஞ்சிக் கேட்கும் பட்டியல் இது இல்லை. எங்கள் உழைப்பில், எங்கள் காணிக்கையில் நிற்கிற கோயிலிடம் எங்கள் கணக்கைக் கேட்கிறேன்.

ரிசர்வ் வங்கியின் வசூல் விதிகளைத் தமிழில் அச்சடித்துக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். திருமண அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில் ஒரு ஞாயிறு அதையும் வாசியுங்கள். மிரட்டப்படுகிற பெண் இரவு தங்க மாதா மன்றத்தின் சாவி ஒரு பெண்ணிடம் இருக்கட்டும். 181 என்ற பெண்கள் உதவி எண் புனிதர் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எந்தப் புனிதரும் கோபிக்கமாட்டார். 1153ஆம் விதியைத் திருமண ஆயத்த வகுப்பில் சேருங்கள். பங்குப் பேரவையில் பாதிப் பேர் பெண்கள், அதில் காலனிப் பெண்கள் கட்டாயம். உண்டியல் கணக்கு மாதாமாதம் எங்கள் முன்னால். கல்லறைச் சுவர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் முதலில் அதை இடித்துவிட்டு, பிறகு உயிர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் வையுங்கள்.

இயக்கத் தோழிகளுக்கும் ஒன்று. நாங்கள் நாத்திகராகும் வரை காத்திருக்காதீர்கள். அன்பியத்துக்கு வாருங்கள். செபமாலை முடியும் வரை ஓரமாக உட்கார்ந்திருங்கள். முக்கால் மணி நேரத்தில் உங்கள் கொள்கை கெட்டுவிடாது. மன்றாட்டைக் காது கொடுத்துக் கேளுங்கள். அதில் எத்தனை புகார் மனு இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு பேனாவை எடுங்கள், நாங்கள் சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள். சட்டம் தெரிந்த ஒருத்தியும் சங்கீதம் தெரிந்த ஒருத்தியும் ஒரே பாயில் உட்கார்ந்தால் வசூலுக்கு வரும் தம்பி ஆறு மணிக்கு வீட்டுக்குப் போவான்.

என் மாணவிகளில் சிலர் கழுத்தில் சிலுவைச் சங்கிலியைச் சுடிதாருக்குள் மறைத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள். சான்றிதழ் பயம் சிலருக்கு, தோழர்களின் கேலி சிலருக்கு. அவர்களுக்குச் சொல்கிறேன்: பயத்தில் நீங்கள் பிடித்துக்கொண்டது உங்களுடையது. அதை விடச் சொல்லவும், அதைக் காட்டி உங்களை அடங்கச் சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. பொறுமையைப் போதிக்கிறவர்கள் முதலில் அதை வசூல்காரனுக்கும் வீட்டுக்காரனுக்கும் போதிக்கட்டும். நமக்கு அது வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்துவிட்டது.